பைசாவை எங்கே முழுதாக்குவது என்று யார் சொல்வது?

கொழிஞ்சி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பால் சொசைட்டிகள் சிலவற்றில் ஓடுகிற பால் கணக்கு மென்பொருள் இங்கே பலருக்குத் தெரிந்ததுதான். முதலில் எழுதியவன் நான். உரிமம் ஜி.பி.எல். 3, யாரும் மூல நிரலை எடுத்து மாற்றிக்கொள்ளலாம். சீட்டு தமிழிலும் வரும், மலையாளத்திலும் வரும். பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் இரண்டும் இல்லாமல் ஆகாது. தொடக்கத்தில் ஒற்றை ஆள் வேலை. இப்போது பொள்ளாச்சி, ஆனைமலை, சித்தூர் (ஆந்திரா சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்) என்று பல ஊரிலிருந்து பேட்ச் (நிரல் திருத்தம்) வருகிறது. ஆனால் அதை மூல நிரலில் சேர்க்கும் (மெர்ஜ்) உரிமை இன்றுவரை என்னிடம் மட்டும்தான்.

தகராறு இதுதான். ஒருவர் காலையில் 4.6 லிட்டர் ஊற்றுகிறார். கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) பார்த்தால் லிட்டருக்கு ரூ.43.27 வருகிறது. பெருக்கினால் 199.042. சீட்டில் 199.04 என்று அச்சாகிறது. அந்த மிச்சத்தை அங்கேயே விட்டுவிடுவதா, உள்ளே வைத்திருந்து பத்து நாளுக்கு ஒரு முறை வரும் பட்டுவாடா நாளில் மொத்தத்தையும் கூட்டிய பிறகு முழுதாக்குவதா? இதுவரை சீட்டிலேயே முழுதாக்குகிறோம். பட்டுவாடாவில்தான் செய்ய வேண்டும் என்று ஒரு பேட்ச் வந்திருக்கிறது. நாலு பேர் சரி என்றிருக்கிறார்கள். நான் இன்னும் சேர்க்கவில்லை.

எனக்குப் பைசாவைவிடப் பெரிய கேள்வி வேறு. இந்த மாதிரி விஷயத்தில் யார் சொன்னால் முடிந்தது? நான் சொன்னாலா, அதிகம் பேர் சொன்னாலா? பெரிய திட்டங்களில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்

அந்த பேட்ச் என்னுடையது. அதனால் நான் நடுநிலையாகப் பேசுகிறேன் என்று நடிக்கப் போவதில்லை.

கணக்குப்படி இதில் விவாதமே இல்லை. கூட்டுவதற்கு முன்பே முழுதாக்கினால் சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஒரே தடவை முழுதாக்குவதுதான் முறை. நாலு பேர் நிரலைப் பார்த்துச் சரி என்று எழுதியிருக்கிறார்கள், சோதனை எல்லாம் ஓடுகிறது. அப்புறமும் ஒரே ஒரு ஆள் கையில் நிற்கிறது என்றால் இதைத் 'திறந்த மூலம்' என்று சொல்வதில் என்ன இருக்கிறது? மூலம் திறந்திருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது.

என் யோசனை எளிது. இதுவரை ஒரு பேட்சாவது சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் வந்தால் சேர்க்க வேண்டும்.

மீனாட்சிபுரம் மெயில்

ஓட்டு என்று யாராவது சொன்னால் என் கை தானாகக் கீபோர்டுக்குப் போய்விடுகிறது.

லினக்ஸ் கெர்னலில் (லினக்ஸ் இயங்குதளத்தின் கரு) யாரும் ஓட்டுப் போடுவதில்லை. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார், இன்றும் அவர்தான் தலை. ஆனால் மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு அதில் உண்டு. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதியிருக்கும். பேட்ச் முதலில் அந்தப் பகுதிக்காரரிடம் போகும். அவர் வாங்கிச் சேர்த்து வைத்திருப்பதைத்தான் லினஸ் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். வரி வரியாக அவர் பார்ப்பது கொஞ்சம். அவர் நம்புவது ஆட்களை. 2018 செப்டம்பரில் தன் பேச்சுமுறைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார். 4.19 வெளியீட்டை கிரெக் குரோவா-ஹார்ட்மன் முடித்து வெளியிட்டார். உலகத்தில் பாதி சர்வர்க்காரர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஒற்றைத் தலைமை என்று சொல்கிறோமே, அதிலும் வேலை எவ்வளவு பிரிந்து கிடக்கிறது பாருங்கள்.

ஓட்டு வேண்டும் என்றால், லினக்ஸை வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் இயங்குதளத்தைப் பார்க்க வேண்டும். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. 1998-லிருந்து அதற்கு எழுதி வைத்த அரசியலமைப்பே உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை தலைவர் தேர்தல். 2020-ல் நின்றவர்களில் இந்தியாவின் ஸ்ருதி சந்திரனும் ஒருவர். 2023-ல் அவர்கள் மாநாடு நம் கொச்சியில்தான் நடந்தது, இங்கேயிருந்து போனவர்கள் இருப்பீர்கள். அங்கே ஓட்டு என்பது ஒருவருக்கு டிக் அடிப்பது இல்லை. உனக்கு முதலில் யார், அடுத்து யார் என்று வரிசைப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்ப்பார்கள். 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்பதும் சீட்டில் ஒரு வேட்பாளர் மாதிரி நிற்கும்.

இத்தனை ஏற்பாட்டோடு ஒரு விஷயமும் எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்த அரசியலமைப்பு யாரையும் எந்த வேலையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. ஓட்டில் ஜெயித்தாலும் அந்த வேலையைச் செய்ய ஒரு ஆள் மனசு வைத்தால்தான் உண்டு. பொள்ளாச்சித் தம்பி, உங்கள் பேட்ச் ஓட்டில் ஜெயித்துவிட்டது என்று வையுங்கள். நாளைக்கு ஒரு சொசைட்டியில் கணக்கு இடித்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் யாருக்கு வரும்? ஓட்டுப் போட்ட நாலு பேருக்கா?

இன்னொன்று. ஓட்டு போட்டால் சண்டை முடிந்துவிடும் என்பது நம்பிக்கை, அவ்வளவுதான். 2014 பிப்ரவரியில், கணினி தொடங்கும்போது மற்ற நிரல்களைக் கிளப்பும் சிஸ்டம்டி வேண்டுமா வேண்டாமா என்று டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் நாலுக்கு நாலு வந்து நின்றது. தலைவரின் முடிவு ஓட்டால்தான் சிஸ்டம்டி ஜெயித்தது. அதே ஆண்டு நவம்பரில் எல்லோரும் சேர்ந்து பொது ஓட்டெடுப்பும் நடத்தினார்கள். அப்படியும் ஒரு கூட்டம் பிரிந்து போய் டெவுவன் என்று தனியாகத் தொடங்கியது.

சும்மா படிப்பவன்

பத்து நாளில் இருபது சீட்டு. சீட்டுக்கு அதிகபட்சம் அரைப் பைசா. ஆக ஒருவருக்குப் பத்துப் பைசா. இதற்காகவா டெபியன் வரைக்கும் போய்விட்டீர்கள்?

செக்ரட்டரி

நான் நிரல் எழுதுகிறவள் இல்லை. இந்த சாஃப்ட்வேரைத் தினமும் இரண்டு வேளை திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவள். இழையைப் பையன்தான் காட்டினான்.

பத்துப் பைசாதானே என்று கேட்டவருக்கு: எங்களிடம் பால் ஊற்றுகிறவர்களில் சில பெரியவர்கள் சீட்டை எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்கள். பட்டுவாடாவுக்கு முந்தின ராத்திரி பென்சிலால் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர் கூட்டியது 3,412.60, பில்லில் 3,412.64 என்று இருந்தால் நாலு பைசா கூட வந்ததே என்று சந்தோஷப்பட மாட்டார். எது தப்பு, சீட்டா பில்லா என்று கேட்பார். அவர் பின்னால் இருபது பேர் பாத்திரத்தோடு நிற்பார்கள். கம்ப்யூட்டர் உள்ளே தசமம் மிச்சம் வைத்திருக்கிறது என்று நான் அவருக்கு எப்படி விளக்குவது? அவர் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அந்தச் சீட்டு. சொசைட்டியோ கம்ப்யூட்டரோ எதைச் சொன்னாலும் சீட்டில் இருக்கிறதுதான் அவருக்குக் கணக்கு.

ஆடிட்டுக்கு வருகிறவரும் அதே கேள்வியைத்தான் கேட்பார். தினக் கொள்முதல் மொத்தமும் பட்டுவாடா மொத்தமும் இடித்தால், எவ்வளவு இடித்தது என்பது அவருக்கு முக்கியம் இல்லை. இடித்தது என்பதே போதும்.

நாலு பேர் சரி என்றார்கள் என்கிறீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம், அந்த நாலு பேரில் பட்டுவாடா நாளில் கவுன்டரில் உட்கார்ந்தவர் யாராவது உண்டா? முன்பு ஒரு அப்டேட்டில் சீட்டு மலையாளத்தில் மட்டும் வந்தது. வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் படிக்க முடியவில்லை என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதையும் நாலு பேர் பார்த்துத்தானே சேர்த்திருப்பீர்கள்.

பொள்ளாச்சிக்காரன்

அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. சீட்டும் பில்லும் ஒத்துப்போக வேண்டும் என்பது நியாயமான காரணம். எனக்கு வருத்தம் என்னவென்றால், இந்தக் காரணத்தை இன்றைக்குத்தான் முதல் முறையாகப் படிக்கிறேன். பேட்ச் வாரக்கணக்கில் கிடக்கிறது. முடியாது என்றும் பதில் இல்லை, சரி என்றும் பதில் இல்லை.

வெப் சர்வர் முதல் பல திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சிக்காரர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நிரல் மாற்றத்துக்கு ஒருவர் 'மைனஸ் ஒன்று' போட்டால் அது நின்றுவிடும், ஒரே ஆள் போட்டாலும். ஆனால் தொழில்நுட்பக் காரணத்தை எழுத வேண்டும். காரணம் இல்லாத மைனஸ் செல்லாது. வெளியீட்டுக்கு மட்டும் அப்படித் தடுக்க முடியாது. குறைந்தது மூன்று பிளஸ் வேண்டும், பிளஸ் மைனஸைவிடக் கூட இருக்க வேண்டும். சாதாரண விஷயம் என்றால் இப்படிச் செய்யப்போகிறேன் என்று எழுதிவிட்டு வழக்கமாக 72 மணி நேரம் காத்திருப்பார்கள். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம்.

கவனியுங்கள், அங்கே சும்மா இருப்பது சம்மதம். நம்மிடம் சும்மா இருப்பது மறுப்பு. கிடப்பில் போடுவதும் ஒரு முடிவுதான், ஆனால் அந்த முடிவில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஓட்டு வேண்டும் என்று நான் கேட்டதே இந்த எரிச்சலில்தான். எனக்கு ஓட்டு கூட வேண்டாம். பதில் வேண்டும், அதற்கு ஒரு கெடு வேண்டும்.

வாளையார் தாண்டி

யார் முடிவெடுப்பது என்று பேசுகிறோம். சாவி யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை. ரெப்போவின் (நிரல் வைத்திருக்கும் இடம்) அட்மின் கணக்கு, இணையதளப் பெயர், அப்டேட்டில் கையெழுத்திடும் சாவி, மூன்றும் கொழிஞ்சி அண்ணனிடம்தான் என்று நினைக்கிறேன். நாளை அவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, துபாய்க்குப் போய்விட்டாலோ இந்த ஓட்டு, மைனஸ், அரசியலமைப்பு எல்லாம் காகிதத்தில்தான்.

ஆனால் பயந்துபோய் யாரிடமாவது சாவியைக் கொடுப்பதும் ஆபத்து. எக்ஸ்.இசட் கதை தெரியும் இல்லையா? லினக்ஸ் கணினிகள் எல்லாவற்றிலும் கிடக்கிற, கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரல். பார்த்துக்கொண்டவர் ஒருவர், சம்பளம் இல்லை, சோர்ந்து போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து நல்ல நல்ல பேட்சாக அனுப்பினார். இன்னொரு பக்கம் யாரென்று தெரியாத சிலர் ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் ஒப்படையுங்கள் என்று அஞ்சல் மேல் அஞ்சல் எழுதி அவரை நெருக்கினார்கள். கடைசியில் ஜியா டானுக்கு உரிமை கிடைத்தது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் அதை வெளியே சொன்னார். தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று அவர் தோண்டிப் பார்த்ததால் தப்பித்தோம்.

பொள்ளாச்சிக்காரரை அப்படிச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். 'ஏன் இன்னும் சேர்க்கவில்லை' என்ற நெருக்கடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காகச் சொன்னேன்.

பதிப்புரிமையையும் ஒரு வரி தொட்டுவிடுகிறேன். பேட்ச் அனுப்புகிறவர்களிடம் உரிமையை எழுதி வாங்கும் ஒப்பந்தம் இருந்தால், வாங்கியவர் நினைத்த நாளில் உரிமத்தை மாற்றலாம். 2023 ஆகஸ்டில், சர்வர்களை நிரலால் அமைக்க உதவும் டெராஃபார்மை வைத்திருந்த நிறுவனம் உரிமத்தை மாற்றியது. பங்களித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமே ஓப்பன்டோஃபூ என்று பிரிந்தார்கள். நம்மிடம் அப்படி ஒப்பந்தம் இல்லை, எழுதியவர் உரிமை எழுதியவரிடமே. அதை அப்படியே விடுங்கள். கொழிஞ்சி அண்ணன் நினைத்தாலும் தனியாக மாற்ற முடியாது என்பது அவருக்கே ஒரு பாதுகாப்பு.

மீனாட்சிபுரம் மெயில்

வாளையார் சொன்னது சரி. பொள்ளாச்சித் தம்பி சொன்னதும் சரிதான், நான் முதலில் அவரை ஓட்டுப் பைத்தியம் என்று நினைத்துவிட்டேன்.

பைதான் நிரல்மொழிக் கதையை இங்கே யாரும் சொல்லவில்லை. கைடோ வான் ரோசம் அந்த மொழிக்கு ஆயுள்கால சர்வாதிகாரி என்றே செல்லமாக அழைக்கப்பட்டவர். 2018-ல் கோலனும் சமக்குறியும் சேர்ந்த (:=) ஒரு புதுக் குறிக்காக, அதற்கான முன்மொழிவுதான் பெப் 572, பெரிய சண்டை. அவர் அதை ஏற்றுக்கொண்டார். அதற்கு வாங்கிய வசவில் மனம் வெறுத்து ஜூலை 12 அன்று விலகிவிட்டார். வாரிசையும் நியமிக்கவில்லை. இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார். உலகமே நம்பியிருக்கும் மொழிக்கு அன்றைக்குத் தலைவரும் இல்லை, தலைவரை எடுக்கும் விதியும் இல்லை. முதலில் எப்படி முடிவெடுப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஏழு திட்டங்கள் வந்தன, டிசம்பரில் ஓட்டெடுத்தார்கள். ஐந்து பேர் குழு என்று முடிவானது. ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு பேர் நம்பிக்கை இல்லை என்றால் குழுவை இறக்கலாம். அந்த முதல் குழுவில் கைடோவும் நின்று ஜெயித்து உட்கார்ந்தார் என்பது எனக்குப் பிடித்த இடம்.

அந்த ஐந்து பேர் எல்லாப் பேட்சையும் பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். மற்றவர்கள் பேசித் தீர்க்க முடியாததுதான் அங்கே போகும்.

நமக்கு ஐந்து பேர் குழு எல்லாம் வேண்டாம். குழுவைவிட வேலை செய்கிற ஆள் குறைவு. ஆனால் எழுதி வைக்க வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் தண்ணீர் பிரித்துக்கொள்ளும் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் போட்டது. நமக்கு 7.25 டி.எம்.சி., மணக்கடவில் அளக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சண்டை நின்றதா? இல்லை. ஆனால் மணக்கடவில் என்று எழுதியிருப்பதால், எங்கே போய் நின்று சண்டை போடுவது என்றாவது இரண்டு பக்கத்துக்கும் தெரிகிறது.

யாராவது இப்போது 'இரண்டையும் வைத்து ஒரு செட்டிங் கொடுத்துவிடலாமே' என்று வருவீர்கள். தயவு செய்து வேண்டாம். முடிவெடுக்க தைரியம் இல்லாத இடத்தில்தான் செட்டிங் முளைக்கிறது. நாலு செட்டிங் சேர்ந்தால் பதினாறு விதமாகச் சோதிக்க வேண்டும். செக்ரட்டரி அம்மா எதை டிக் செய்தார் என்று போனில் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

சும்மா படிப்பவன்

நான் அதைத்தான் எழுத வந்தேன். அழித்துவிட்டேன்.

கொழிஞ்சி

எல்லாம் படித்தேன். செக்ரட்டரி அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

முதலில் பேட்ச். சேர்க்கவில்லை. காரணம் அதன் கீழேயே எழுதிவிட்டேன்: பால் ஊற்றுகிறவர் கையில் இருக்கும் சீட்டைக் கூட்டினால் பில் வர வேண்டும், பில்லின் துல்லியத்தைவிட இது முக்கியம். பொள்ளாச்சித் தம்பியின் கணக்கில் பிழை இல்லை என்பதையும் அங்கேயே எழுதியிருக்கிறேன். அந்தப் பேட்சோடு வந்த சோதனைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், நம்மிடம் அப்படி ஒன்றும் இருந்ததில்லை.

இனி வருவதற்கு ஒரு கோப்பு எழுதி ரெப்போவில் போட்டிருக்கிறேன், ஒரு பக்கம்தான். ஒரு பேட்சுக்குப் பத்து நாளில் நானோ பொறுப்பில் இருக்கும் இன்னொருவரோ பதில் எழுத வேண்டும். வேண்டாம் என்றால் காரணத்தோடு. பத்து நாளில் யாரும் எழுதவில்லை என்றால், சாவி உள்ள இன்னொருவர் சேர்க்கலாம். என் மௌனம் இனி மறுப்பு ஆகாது. சீட்டிலோ பில்லிலோ ஒரு எழுத்தை, ஒரு பைசாவை மாற்றும் எதுவும், ஏதாவது ஒரு சொசைட்டியில் ஒரு பட்டுவாடா முடியும்வரை பழையதோடு சேர்த்து ஓட்டிப் பார்த்து, அங்கே உட்காருகிறவர் சரி என்று சொன்ன பிறகுதான் சேரும். அவர் நிரல் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை.

சாவி இன்னும் இரண்டு பேருக்கு. ஒருவர் சித்தூரில் தமிழ் மீடியம் பள்ளியில் ஐ.டி. சொல்லித்தரும் டீச்சர், சீட்டு மொழிபெயர்ப்பு முழுக்க அவர் பார்த்ததுதான். இன்னொருவர், ஒப்புக்கொண்டால், பொள்ளாச்சித் தம்பி. அப்டேட்டை வெளியே விட மூவரில் இருவர் கையெழுத்து வேண்டும். மூவரும் ஒருவரை ஒருவர் நேரில் தெரிந்தவர்கள்.

ஓணம் வருகிறது, யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் இந்தக் கோப்புக்கு மட்டும் மறுப்புச் சொல்லப் பத்து நாள் இல்லை, மாதக் கடைசி வரை நேரம்.

செக்ரட்டரி

ஓட்டிப் பார்க்க எங்கள் சொசைட்டி தயார். ஆனால் பட்டுவாடா நாளுக்கு முந்தின நாள் அப்டேட் அனுப்பக் கூடாது என்றும் அந்தக் கோப்பில் எழுதுங்கள் தம்பி. எழுதாமல் விட்டால் யாராவது அனுப்புவீர்கள்.

பொள்ளாச்சிக்காரன்

காரணம் எழுதியதற்கு நன்றி. எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை, ஆனால் எதோடு உடன்பாடு இல்லை என்று இப்போது தெரிகிறது.

என் சிக்கல் வேறு. எங்கள் பக்கம் நான் பார்க்கிற தனியார் பால் கொள்முதல் ஒன்றில் சீட்டில் தொகையே போடுவதில்லை, லிட்டரும் கொழுப்பும்தான். தொகை பில்லில் மட்டும். அங்கே சீட்டைக் கூட்ட யாரும் இல்லை, மிச்சத்தைச் சீட்டிலேயே விட்டால் கேள்வி வரும். அதனால் அவர்களுக்காக இதைத் தனி ஃபோர்க்காக (பிரிந்த பிரதியாக) வைத்துக்கொள்கிறேன். கோபத்தில் இல்லை. மற்ற திருத்தம் எல்லாம் மூலத்துக்கே அனுப்புவேன். சாவியை வாங்கிக்கொள்கிறேன், ஆனால் கணக்குப் பகுதி பேட்சை நானே சேர்க்க மாட்டேன், டீச்சரோ நீங்களோ பாருங்கள்.

மீனாட்சிபுரம் மெயில்

ஃபோர்க் என்றால் விவாகரத்து இல்லை. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இலிருந்து 2014 டிசம்பரில் ஐஓ.ஜேஎஸ் பிரிந்தது, அடுத்த ஆண்டே ஒன்று சேர்ந்துவிட்டது. ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-ல் பிரிந்த லிப்ரே ஆபீஸ் திரும்பவே இல்லை, நம் பள்ளிப் பிள்ளைகள் இன்று தட்டச்சு செய்வது அதில்தான். உங்களுடையது எந்த வகை என்று இரண்டு வருஷம் போனால் தெரியும். ஒரே வேண்டுகோள், டேட்டாபேஸ் அமைப்பை மட்டும் இரண்டு பேரும் தனித்தனியாக மாற்றாதீர்கள். அப்புறம் சேர்க்கவே முடியாது.

கொழிஞ்சி

சரிங்க. டேட்டாபேஸ் மாற்றம் என்றால் இரண்டு ரெப்போவிலும் முன்கூட்டியே அறிவிப்பு, அதையும் அக்கா சொன்ன பட்டுவாடா விஷயத்தையும் கோப்பில் சேர்த்துவிட்டேன். தம்பி, உங்கள் ஃபோர்க் முகவரியை அனுப்புங்கள், ரீட்மீயில் போடுகிறேன். சோதிக்கப் பழைய கொள்முதல் டேட்டா வேண்டுமா? பெயர்களை எடுத்துவிட்டுத் தர முடியும், ஆனால் அதற்கு முதலில் அக்கா சரி சொல்ல வேண்டும்.